அண்ணன் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். நான் எப்படித் துணை நிற்பது?

சின்ன அத்தை கேட்கிறார்:

என் அண்ணன் மகனுக்கு 5 வயது. மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இரவில் கால் வலிக்கிறது, தூக்கு என்று அழுவான். ஓடி ஆடுகிற பிள்ளை, வளர்கிற வயதில் வரும் வலிதான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அப்புறம் ஒருநாள் குளிப்பாட்டும்போது தொடையிலும் முதுகிலும் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருப்பதை அண்ணி பார்த்திருக்கிறார். உடனே ரத்தப் பரிசோதனை, மறுநாளே எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா, சுருக்கமாக ஏ.எல்.எல். என்றார்கள். சிகிச்சை தொடங்கி இன்றோடு 11 நாள்.

அண்ணனுக்குத் தினமும் போன் செய்கிறேன். பாதி நேரம் எடுப்பதில்லை. எடுத்தாலும், "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு அண்ணா" என்பேன், "சரி" என்பான், வைத்துவிடுவான். எங்களுக்குள் ஒளிவுமறைவு என்று எதுவும் இருந்ததில்லை. இப்போது என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள். "யார் வழியில் வந்தது? கர்ப்பமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாள்?" என்று அண்ணி காதில் விழுகிற மாதிரியே கேட்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

பெரியவள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். 9 வயது. முதல் நாள், "தம்பி செத்துப்போவானா?" என்று கேட்டாள். நான் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாயை அடைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக் கதவுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி வந்துவிட்டேன். இந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் என்ன செய்ய வேண்டும்?


மூன்றாவது மாடி அம்மா:

தங்கச்சி, எங்கள் வார்டு மூன்றாவது மாடியில் இருந்தது. அதனால்தான் இந்தப் பெயர். என் மகனுக்கு 4 வயதில் இதே ஏ.எல்.எல். வந்தது. இப்போது அவனுக்கு 11. சிகிச்சை முடிந்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கதவு வரை போய்த் திரும்பியதை நினைத்து மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். என் கூடப்பிறந்தவளே முதல் வாரம் வரவில்லை. எட்டாவது நாள் வந்தாள். அதற்கப்புறம் அவள் வராத வாரமே இல்லை. எனக்கு நினைவில் நிற்பது அந்த இரண்டாவது விஷயம்தான்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு" என்பதை விட்டுவிடுங்கள். மனதாரத்தான் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் கேட்பவருக்கு அது ஒரு வேலை. என்ன வேண்டும் என்று யோசித்து, அதை உங்களிடம் கேட்கலாமா என்று தயங்கி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்கு எந்தச் செருப்பைப் போடுவது என்றுகூட முடிவெடுக்க முடியவில்லை. என் நாத்தனார் ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: "செவ்வாய், வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கு வருவேன். 9 மணி வரை பிள்ளையோடு இருப்பேன். நீ வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படு." அதில் கேள்வியே இல்லை, கவனித்தீர்களா? சொன்னபடி வந்தார். போகும்போது கட்டிலுக்கு அடியில் இருந்த அழுக்குத்துணிப் பையை எடுத்துக்கொண்டு போவார், அடுத்த முறை மடித்துக் கொண்டுவருவார். துணியைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் இரண்டரை வருடம் வந்தார். இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். ஏ.எல்.எல். சிகிச்சை ஒரு மாதத்தில் முடிகிற விஷயம் இல்லை. இரண்டு, மூன்று வருடம் ஓடும். முதல் நான்கு, ஐந்து வாரத்தை இண்டக்‌ஷன் என்பார்கள். அதன் முடிவில் மறுபடியும் மஜ்ஜை எடுத்துப் பார்த்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு 'ரெமிஷன்' என்று சொல்வார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அழுது சிரித்து, நோய் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவில் நோய் இல்லை, அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். ஒளிந்திருக்கிற அணுக்களை அழிக்க இன்னும் பல மாதம் கீமோ. முதுகுத்தண்டில் ஊசி. அதற்கப்புறம் மெயின்டனன்ஸ் என்று ஒன்றரை வருடம் போல, தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒருநாள் இன்னொரு மாத்திரை. அந்தக் காலத்தில் பிள்ளை பள்ளிக்குப் போவான், விளையாடுவான், முடி வளர்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை என்றால் நோய் திரும்பும் ஆபத்து கூடும் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் ராத்திரி ஞாபகம் வரும்.

முதல் மாதம் எங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார இடம் இல்லாத அளவுக்கு ஆட்கள். எட்டாவது மாதம் வந்தது இரண்டே பேர். யாரையும் குறை சொல்லவில்லை, அவரவருக்கு அவரவர் பாடு. உங்களிடம் இருக்கிற சக்தியை இந்த மாதமே கொட்டித் தீர்த்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒருநாள், அதே நாள், அதே நேரம். அது போதும், ஆனால் அது நிற்கக்கூடாது.

இப்போது 11-ஆம் நாள் என்றால், ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கும். அதைப் பற்றி யாராவது சொன்னார்களா? எங்களிடம் சொன்னார்கள், ஆனால் சொன்னது வேறு, பார்த்தது வேறு. முகம் உப்பிவிட்டது. ராத்திரி 2 மணிக்குப் பசி என்று எழுப்புவான். கொடுத்ததைத் தின்றுவிட்டு 3 மணிக்கு மறுபடியும் பசி. யாரையும் அடிக்காத பிள்ளை என் கையைக் கடித்தான், பல் பதிந்தது. கடித்துவிட்டு, "அம்மா, நான் ஏன் இப்படிப் பண்றேன்?" என்று அழுதான். அன்று வந்திருந்த உறவினர் ஒருவர், "நோய் என்று செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்றார். அது மருந்தின் வேலை, பிள்ளையின் குணம் இல்லை. ஸ்டீராய்டு நின்றதும் என் பழைய பிள்ளை திரும்பி வந்தான். உங்கள் அண்ணியிடம் யாராவது இப்படிச் சொன்னால் நீங்கள் குறுக்கே நின்று பதில் சொல்லுங்கள். அதுவும் உதவிதான்.

இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பிக்கும். என் மகன் ஒரு காலை எழுந்து தலையணையைப் பார்த்துவிட்டு, "ராத்திரி பூனை வந்து இதில் படுத்திருந்ததா?" என்று கேட்டான். "இல்லைடா கண்ணு, உன் முடிதான். மருந்து வேகமாக வளர்கிற அணுக்களையெல்லாம் பிடிக்கும். கெட்ட அணுவும் வேகமாக வளரும், முடியும் வேகமாக வளரும். மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. மருந்து முடிந்ததும் முடி வந்துவிடும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மருந்துக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கணும்" என்றான். உண்மையைச் சொன்னால் குழந்தைகள் தாங்கிக்கொள்கிறார்கள். நாம் கதவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசுவதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

யார் வழியில் வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். நானும் என்னை நானே கேட்டுக்கொண்டு எத்தனையோ ராத்திரி விழித்திருந்தேன். கர்ப்பமாக இருந்தபோது எடுத்த எக்ஸ்ரே, வீட்டுக்கு அடித்த பெயின்ட், அவன் கீழே விழுந்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். அவர் வரிவரியாக முழுதும் படித்தார். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்து, "நீங்கள் செய்த எதனாலும் வரவில்லை. செய்யாமல் விட்ட எதனாலும் வரவில்லை" என்றார். பெரியவர்களுக்கு வருகிற பல புற்றுநோய்களுக்குப் புகை, மது, பல வருடப் பழக்கம் என்று காரணம் சொல்ல முடியும். குழந்தைகளின் புற்றுநோய் பெரும்பாலும் அப்படி இல்லை. அணு வளர்ந்து பிரியும்போது மரபணுவில் தற்செயலாக ஏற்படும் பிழைதான். பிறவியிலேயே மரபணுக் காரணம் இருப்பது பத்தில் ஒரு குழந்தைக்குத்தான், அப்படி இருந்தாலும் அது யாருடைய குற்றமும் இல்லை. ஒட்டும் நோயும் இல்லை. சொந்தக்காரர்களிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அண்ணியைச் சொல்ல வைக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் அண்ணன். என் வீட்டுக்காரரும் பேசமாட்டார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, எடை, ஹீமோகுளோபின், வெள்ளணு, நியூட்ரோபில், பிளேட்லெட் என்று கட்டம் கட்டி எழுதிக்கொண்டே இருந்தார். ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் குறைந்த நாட்களில் எண்கள் தாளின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுந்தியிருக்கும். அவர் அழுததை நான் பார்த்ததில்லை, அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன். ஆகவே போனில் பேச வைக்க முயற்சி செய்யாதீர்கள். மருந்து வாங்க, ரத்தம் கொடுக்க என்று அவர் நடக்கும்போது கூட நடங்கள். என் வீட்டுக்காரர் தம்பியிடம் முதல்முறையாக மனம் விட்டுப் பேசியது, ஆய்வகத்தில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த பெஞ்சில்தான்.


வார்டு நர்ஸ்:

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். மேலே அக்கா சொன்னதில் மாற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் துணை நிற்கிறவருக்குத் தெரிய வேண்டிய சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

காய்ச்சல். கீமோவில் இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசரம். ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது 101 ஃபாரன்ஹீட், அல்லது 38 டிகிரி, அதாவது 100.4, ஒரு மணி நேரம் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்கள் மருத்துவமனை வேறு அளவு சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். விடியட்டும், காலையில் பார்க்கலாம் என்பது கூடவே கூடாது. கிருமியை எதிர்க்கிற வெள்ளணுவான நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கும்போது கிருமி ரத்தத்தில் பரவ ஒரு ராத்திரி தேவையில்லை. வந்து சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றத்தான் நாங்கள் ஓடுவோம். கிளம்பும் முன் வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், காய்ச்சல் மறைந்து எங்களையும் ஏமாற்றிவிடும். ஆசனவாயில் வெப்பமானி வைப்பதும் கூடாது. ஒரு பையில் மாற்றுத்துணி, சிகிச்சை அட்டை, மருந்துப் பட்டியல், சார்ஜர் எல்லாம் எப்போதும் கதவருகே தயாராக இருக்கட்டும். அந்தப் பையைக் கட்டி வைக்கிற பொறுப்பை அத்தை எடுத்துக்கொள்ளலாம்.

அம்மை. உங்கள் வீட்டிலோ, பெரியவள் வகுப்பிலோ யாருக்காவது சின்னம்மை, தட்டம்மை வந்து, பிள்ளை அருகே போயிருந்தால் அன்றே வார்டுக்குப் போன் செய்யுங்கள். நேரத்தோடு சொன்னால் தடுக்க மருந்து உண்டு. உங்களுக்குச் சளி என்றால் போகாதீர்கள். போனால் முதல் வேலை சோப்புப் போட்டுக் கை கழுவுவது. பிள்ளைக்கு என்று எதையாவது கொண்டுபோகும் முன் அண்ணியிடமோ எங்களிடமோ கேளுங்கள். துவைக்க முடியாத பொம்மை, மண்ணோடு இருக்கும் செடி வேண்டாம்.

ரத்தம். "நான் கொடுக்கிறேன்" என்று குடும்பமே வரிசையில் நிற்கும். ரத்த உறவினரின் ரத்தத்தை நேரடியாகக் குழந்தைக்கு ஏற்றுவதில் ஒரு தனி ஆபத்து இருப்பதால், அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே பயன்படுத்துவார்கள் அல்லது வேறொருவருடையதை ஏற்றுவார்கள். அதனால் வருத்தப்படாதீர்கள். பிளேட்லெட்டை ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் சேமிக்க முடியாது, ஆகவே தேவை தீர்வதே இல்லை. நண்பர்களின் பெயர், ரத்த வகை, போன் எண் எழுதிய பட்டியல் ஒன்று உங்களிடம் இருந்தால் அண்ணன் பத்துப் பேருக்குப் போன் செய்து கெஞ்ச வேண்டியிருக்காது. மஜ்ஜை மாற்று வேண்டுமா என்றும் கேட்பீர்கள். ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு மாதத்தில் யாராவது ஒருவர், "கீமோ பிள்ளையைக் கொன்றுவிடும், நிறுத்திவிட்டு இந்தப் பச்சிலையைக் கொடு" என்று வருவார். அன்போடுதான் வருவார். நாங்கள் ஏற்றுகிற வின்கிறிஸ்டின் என்ற மருந்தே நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பதுதான். ஆனால் அது பிரித்தெடுத்து, அளந்து, நரம்பில் மட்டும் ஏற்றுகிற மருந்து. இலையை அரைத்துக் கொடுத்தால் விஷம். 1947-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் லுகேமியா வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1948-இல் வெளியிட்ட அறிக்கையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று எழுதினார், அதுவும் சில மாதங்களுக்குத்தான். அதற்கு முன்பு அதுகூட இல்லை. இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதே மருந்துகளைச் சேர்க்கவும், வரிசைப்படுத்தவும், அளவைத் திருத்தவும் கற்றுக்கொண்டதுதான் இதில் பெரும்பங்கு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது, பாதியில் நிறுத்திவிடுவது, இவையெல்லாம் அதற்குக் காரணங்கள். முதல் இரண்டும் ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. மூன்றாவதைத் தடுக்க உங்களைப் போல ஒருவர் கூட நின்றாலே போதும் என்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். போக்குவரத்துச் செலவுக்கு ஆள் இல்லாமல், வீட்டில் இன்னொரு பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருப்பார். உதவித்தொகை, தங்குமிடம் பற்றியெல்லாம் அவரிடம் கேட்கலாம். அண்ணனுக்கு அதற்கு நேரம் இருக்காது, நீங்கள் போய்க் கேளுங்கள்.


அக்காவாக இருந்தவள்:

அக்கா, எனக்கு இப்போது 24 வயது. நான் உங்கள் அண்ணன் மகள் வயதில் இருந்தபோது என் தம்பிக்குக் கீமோ நடந்தது. அதனால் அவளுக்காகப் பேசுகிறேன்.

அந்த இரண்டு வருடம் என்னைப் பார்த்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "தம்பி எப்படி இருக்கான்?" நான் நன்றாக இருக்கிறான் என்பேன். அவ்வளவுதான் பேச்சு முடிந்துவிடும்.

எனக்குள் ஒரு ரகசியம் இருந்தது. அவனுக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் ரிமோட்டுக்காகச் சண்டை போட்டு, "நீ செத்துப் போ" என்று சொல்லியிருந்தேன். அதனால்தான் அவனுக்கு நோய் வந்தது என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. 9 வயதில் அப்படி நம்புவது இயல்பு என்று பெரியவளான பிறகுதான் தெரிந்தது. உங்கள் மருமகள் செத்துப்போவானா என்று கேட்டதற்குள் இப்படி ஏதாவது இருக்கலாம். அவள் கேட்காவிட்டாலும், "நீ சொன்னதாலோ செய்ததாலோ நினைத்ததாலோ இது வரவில்லை" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

இன்னொன்றும் நடந்தது. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு அம்மை போட்டிருந்தது. டீச்சர் வகுப்பில் சொன்னார். அம்மை என்றால் வீட்டில் உடனே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், அம்மா பலமுறை சொல்லியிருந்தார். ஆனால் போன முறை எனக்குச் சளி பிடித்தபோது என்னைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மூன்று வாரம். மறுபடியும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து சொல்லவே இல்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு தம்பி பக்கத்திலேயே படுத்துத் தூங்கினேன். மூன்றாம் நாள் தோழியின் அம்மாவே எங்கள் வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது. தம்பிக்கு அன்றே ஊசி போட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

என்னைத் திட்டினார்கள். நான் ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அக்கா, "நீ உடம்பு சரியில்லை என்று சொன்னால் உன்னைத் தண்டனை மாதிரி எங்கேயும் அனுப்பமாட்டோம். சொன்னதற்கு உன்னைப் பாராட்டுவோம்" என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவள் தம்பியைக் காப்பதில் அவளுக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தால் அவள் சொல்லுவாள்.

அப்புறம் அவளை மட்டும் தனியாக எங்காவது கூட்டிப் போங்கள். தம்பியைப் பற்றிப் பேசாத ஒரு மணி நேரம். எனக்கு என் மாமா அதைச் செய்தார். தம்பி இப்போது கல்லூரியில் படிக்கிறான். கீமோவில் சில மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இப்போதும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கப் போவான். நானும் கூடப் போவேன்.


சின்ன அத்தை:

எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும், ஆனால் கை நடுங்குகிறது. தங்கை சொன்னதைப் படித்துவிட்டு மருமகளிடம் பேசினேன். "நீ ஏதாவது சொன்னதால் தம்பிக்கு வரவில்லை, தெரியுமா?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "அவனைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டேன், அதனாலும் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் சொன்னேன்.

ஆனால் செத்துப்போவானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு என்ன சொல்வது?


மூன்றாவது மாடி அம்மா:

"மாட்டான்" என்று சத்தியம் செய்யாதீர்கள். நம்மால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. நான் என் மகனின் பக்கத்துக் கட்டில் பையனுக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்தேன். அவன் பிழைக்கவில்லை. அவன் அம்மாவோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன். மகனைப் பற்றிப் பேச இப்போது யாரும் வருவதில்லை, அவன் பெயரைச் சொல்லவே எல்லோரும் தயங்குகிறார்கள் என்பார். நான் அவன் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.

மருமகளிடம் இப்படிச் சொல்லலாம்: "இது பெரிய நோய்தான். சில பேர் இதில் இறந்திருக்கிறார்கள். ஆனால் தம்பிக்கு வந்திருக்கிற வகையில் ரொம்பப் பேர் குணமாகிறார்கள். டாக்டர்கள் அதற்கான மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். ஏதாவது மாறினால் உன்னிடம் மறைக்கமாட்டேன்." கடைசி வரிதான் அவளுக்கு வேண்டும். சொன்னால் காப்பாற்றுங்கள்.


சின்ன அத்தை, ஐந்து வாரம் கழித்து:

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். போன வாரம் மஜ்ஜை ரிப்போர்ட் வந்தது, ரெமிஷன். வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரிந்து அழுதேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த கட்டக் கீமோ வெளிநோயாளியாகவே.

என் நாள் புதனும் சனியும். அண்ணிக்குச் செய்தி அனுப்பியபோது கேள்விக்குறி போடவில்லை. அவர் "ம்" என்று மட்டும் பதில் போட்டார். முதல் சனிக்கிழமை நான் போனதும் என் மடியில் பிள்ளையை வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் படுத்து நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கினார். பிளேட்லெட் பட்டியலில் இப்போது 17 பேர் இருக்கிறார்கள். கதவருகே பை இருக்கிறது.

அண்ணனோடு ஒருநாள் மருந்து வாங்கப் போனேன். போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. மூன்றாவது முறை போகும்போது, "கால் வலிக்குதுன்னு சொன்னான், நான் நடன்னு அதட்டினேன்" என்றான். நானும்தான் வளர்கிற வலி என்றேன் அண்ணா, என்றேன். அப்புறம் இரண்டு பேரும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மருமகள் அவள் வீட்டுக்குத் திரும்புவதாக இருந்தது. புது உடுப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அன்று காலை எழுந்து வந்து, "அத்தை, எனக்குத் தொண்டை கரகரங்குது" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொன்னாயே, நல்ல வேலை செய்தாய் என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் எதிரிலேயே வார்டுக்குப் போன் போட்டேன். சளி தீரும் வரை போக வேண்டாம் என்றார்கள். தம்பிக்கு வீடியோ அழைப்பு போட்டுக் கொடுத்தேன். அவன் மொட்டைத் தலையைத் திரையோடு ஒட்டிவைத்து, "தொட்டுப் பார்" என்றான். அவள் திரையைத் தடவினாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் ரிமோட் யாருக்கு என்று சண்டை போட்டார்கள்.

புதன்கிழமை நான் போகிறேன். தொண்டை சரியானால் அவளும் வருவாள்.